காதல் கதைக்குள்ள சயின்ஸ் எப்படி வருது? புதுசா எழுதுறவங்களுக்கு

மழை சீன் ஒண்ணு எழுதிட்டு இருந்தேன். ஹீரோவும் ஹீரோயினும் மூணு வருஷம் கழிச்சு பாத்துக்கறாங்க, மழை வருது, நான் பழக்கதோஷத்துல "மண் வாசனை மூக்கைத் துளைத்தது"ன்னு டைப் பண்ணிட்டேன். பண்ணிட்டு அந்த வரியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், என்னோட முந்தின கதைலயும் இதே வரி இருக்கு, அதுக்கு முந்தினதுலயும் இருக்கு, இது என் வரியே இல்ல, ஆளாளுக்கு எழுதி எழுதித் தேஞ்சுபோன வரி. கடுப்புல, சரி இந்த வாசனைதான் என்ன, மண்ணுக்கு எங்கிருந்து வாசனை வருதுன்னு தேட ஆரம்பிச்சேன். அன்னைக்கு கதை ஒரு வரி கூட நகரல. ஆனா அடுத்த நாள் அந்த சீனே வேற மாதிரி ஆயிடுச்சு.

தேடினப்ப கிடைச்சது இதுதான். 1964ல ஆஸ்திரேலியாவுல இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு விஞ்ஞானிகள் இந்த வாசனைக்கு பெட்ரிகோர்னு பேர் வெச்சாங்க. வெயில் காலத்துல செடிங்க விடுற எண்ணெய் மண்ணுலயும் பாறைலயும் ஊறி இருக்கும், மழைத்துளி பட்டதும் அது கிளம்பும். கூடவே ஜியோஸ்மின்னு ஒரு பொருள், அதை மண்ணுக்குள்ள இருக்கற ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கற பாக்டீரியா தயாரிக்குது. நம்ம மூக்கு இந்த ஜியோஸ்மினுக்கு பயங்கர ஷார்ப், லட்சம் கோடில சில பங்கு இருந்தாலே கண்டுபிடிச்சிடும். இதுவரைக்கும் சும்மா தகவல்தான். என்னைப் புடிச்சு உக்கார வெச்சது அடுத்த கேள்வி: ஒரு பாக்டீரியா எதுக்கு வேலை மெனக்கெட்டு வாசனை தயாரிக்கணும்? அதுக்கு 2020ல வந்த ஒரு ஆராய்ச்சில பதில் இருந்துச்சு. ஸ்பிரிங்டெயில்னு மண்ணுல துள்ளித் திரியற ஒரு குட்டி உயிரி இருக்கு, அது இந்த வாசனையைப் புடிச்சுக்கிட்டு வந்து பாக்டீரியாவைத் தின்னுது, தின்னுட்டு அதோட வித்துகளை உடம்புல ஒட்டிக்கிட்டும் வயித்துக்குள்ள சுமந்துக்கிட்டும் வேற இடத்துக்குக் கொண்டு போய்ச் சேக்குது. அதாவது நாம கண்ணை மூடி மூச்சை இழுத்து ரசிக்கற அந்த வாசனை நமக்கு அனுப்பினதே இல்ல. யாரோ யாரையோ கூப்பிடறாங்க, "வா, வந்து என்னைத் தின்னுக்கோ, என் புள்ளைங்களை மட்டும் எங்கயாவது கொண்டு போய் விட்டுடு"ன்னு, நாம நடுவுல நின்னு ஒட்டுக் கேட்டுட்டு இருக்கோம்.

இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பழைய வரியை எப்படி விட்டு வெக்கறது. ஹீரோயினை மண்ணு ஆராய்ச்சி பண்றவளா மாத்தினேன். முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த காலத்துல மழை வந்தா அவ இதையெல்லாம் விளக்குவா, அவன் "ஆரம்பிச்சிட்டா டீச்சர்"னு கிண்டல் பண்ணுவான். இப்ப மூணு வருஷம் கழிச்சு மழை வருது, அவன் வேணும்னே "ஆஹா, என்ன வாசனைல்ல"ங்கறான், அவ விளக்கம் சொல்லுவான்னு காத்திருக்கான். அவ "ஆமா"ன்னு மட்டும் சொல்றா. அவ்ளோதான் சீன். ஜியோஸ்மின்ங்கற வார்த்தை அந்தப் பக்கத்துல வரவே இல்ல, ஆனா அது இல்லாம அந்த "ஆமா" பொறந்திருக்காது.

நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றது மொத்தமும் அந்த ஒரு சீனுக்குள்ள இருக்கு. காதல் கதை எழுதுறவங்களுக்கு சயின்ஸ் எதுக்குன்னு கேக்கறப்ப நிறைய பேர் நினைக்கறது உவமைக்குன்னு. "எதிர் துருவங்கள் ஈர்க்கும்", "அவங்களுக்குள்ள கெமிஸ்ட்ரி", "காந்தக் கண்கள்" இந்த மாதிரி. அது இருக்கறதுலயே சோப்ளாங்கியான உபயோகம். ஏன்னா உவமை எழுதும்போது நமக்கு எந்தக் கேள்வியும் வர்றதில்ல, தெரிஞ்சதை எடுத்து ஒட்டிட்டுப் போயிடறோம். சயின்ஸ் உருப்படியா வேலை செய்யறது வேற விதத்துல. ஒரு தகவல் நம்மளைக் குடையணும், "அதெப்படி?", "ஏன் அப்படி?"ன்னு. அப்புறம் அந்தக் கேள்வியைக் கொண்டு போய் ஒரு ஆளு தலைல இறக்கணும்: இது தெரிஞ்ச ஒருத்தன் காதலிச்சா என்ன ஆவான்? இது தெரியாத ஒருத்தி என்ன தப்பு பண்ணுவா? தகவல், கேள்வி, ஆளு, இந்த வரிசைல போனா கதை வரும். கேள்வியைத் தாண்டிக் குதிச்சா பாடப்புத்தகம் வரும்.

சரி இந்தக் குடைச்சல்னா என்ன, அதையும் ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்காங்க. ஜார்ஜ் லோவன்ஸ்டைன்ங்கற ஆராய்ச்சியாளர் 1994ல ஒரு கருத்து சொன்னார், ஆர்வம்ங்கறது நமக்குத் தெரிஞ்சதுக்கும் தெரிஞ்சுக்க விரும்புறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பாத்துட்ட உடனே வர்ற ஒரு அரிப்பு மாதிரின்னு. கவனிங்க, இடைவெளி இருந்தா மட்டும் பத்தாது, இடைவெளி இருக்குன்னு நமக்குத் தெரியணும். ஒரு விஷயத்தைப் பத்தி சுத்தமா ஒண்ணும் தெரியலைன்னா நமக்கு அரிக்காது. முழுசா தெரிஞ்சாலும் அரிக்காது. 2009ல ஆட்களுக்கு பொது அறிவுக் கேள்வி குடுத்து மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்த ஒரு ஆராய்ச்சிலயும் இதேதான், பதில் பாதி தெரிஞ்ச மாதிரி இருக்கும்போதுதான் ஆர்வம் உச்சத்துல இருந்துச்சு. பதில் நிச்சயமா தெரிஞ்சவங்களுக்கும் ஆர்வம் கம்மி, சுத்தமா தெரியாதவங்களுக்கும் கம்மி.

இதைப் படிச்சப்ப எனக்கு ஆராய்ச்சி ஞாபகம் வரல, காதல்தான் ஞாபகம் வந்துச்சு. ஒருத்தரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதப்ப நாம காதலிக்கறதில்ல. கொஞ்சம் தெரிய வருது, அவர் ஒரு போன் வந்ததும் எழுந்து வெளிய போய்ப் பேசறார், திரும்பி வரும்போது முகம் மாறி இருக்கு. அவ்ளோதான், முடிஞ்சுது, இனி அந்த போன்ல யாருன்னு தெரியற வரைக்கும் நமக்குத் தூக்கம் கிடையாது. ரொமான்ஸ்ல பெரிய பிரச்சனை ஒண்ணு இருக்குல்ல, கடைசில ரெண்டு பேரும் சேருவாங்கன்னு வாசகருக்கு முதல் பக்கத்துலயே தெரியும், அப்புறம் எதுக்குப் படிக்கறாங்க? பாதி பதில் தெரிஞ்சிருக்கறதாலதான் படிக்கறாங்க. சேருவாங்க, அது தெரியும். இவ்ளோ பிரச்சனை இருக்கே எப்படிச் சேருவாங்க, அது தெரியாது. ஆர்வம் உச்சத்துல நிக்கற அந்த நடு இடத்துலதான் இந்த வகைக் கதையே கூடு கட்டி இருக்கு. திரில்லர் எழுதுறவங்க நம்மளைக் கிண்டல் பண்ணா இதைச் சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு. 2011ல விர்ஜினியா பல்கலைக்கழகத்துல 47 மாணவிகளை வெச்சு ஒரு சோதனை. உங்க பேஸ்புக் ப்ரொஃபைலைச் சில பசங்க பாத்தாங்க, அந்தப் பசங்களோட ப்ரொஃபைல் இது, பாருங்கன்னு காட்டினாங்க. சில பேர்கிட்ட "இவங்களுக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு"ன்னாங்க, சில பேர்கிட்ட "சுமாராதான் புடிச்சிருக்கு"ன்னாங்க, மூணாவது குரூப்கிட்ட "ரொம்பப் புடிச்சவங்களா இருக்கலாம், சுமாரா புடிச்சவங்களாவும் இருக்கலாம், எங்களுக்கே தெரியல"ன்னாங்க. சுமாரை விட ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்ன பசங்க மேல ஈர்ப்பு ஜாஸ்தி, அது எதிர்பார்த்ததுதான். ஆனா எல்லாத்தையும் விட ஜாஸ்தி ஈர்ப்பு அந்த "தெரியல" பசங்க மேல. அவங்களைப் பத்திதான் அதிகமா யோசிச்சும் இருக்காங்க. இது ஒரு சின்ன சோதனை, 47 பேர், எல்லாரும் மாணவிகள், இதை வெச்சு உலகத்துப் பொண்ணுங்க எல்லாம் இப்படின்னு ஆரம்பிச்சிடாதீங்க, அதுவும் நிஜ வாழ்க்கைல யாரையாவது தவிக்க விடறதுக்கு இதைச் சாக்காக் காட்டாதீங்க. ஆனா எழுதுறவங்களுக்கு இதுல ஒரு கருவி இருக்கு. முதல் பாதில ஹீரோ மனசை நேரா திறந்து காட்டாதீங்க. அவன் செய்யற ஒவ்வொரு காரியத்துக்கும் ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி வைங்க, குடையைக் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போறான், அது காதலா இல்ல எல்லாருக்கும் அப்படித்தானா? அவளுக்கும் தெரியக்கூடாது, வாசகருக்கும் தெரியக்கூடாது.

அத்தியாயத்தைப் பாதில வெட்டுறோமே, "அப்போது கதவு தட்டப்பட்டது"ன்னு, அதுக்கும் சயின்ஸ் சொல்லுவாங்க. 1927ல புளூமா ஜைகார்னிக்ங்கற உளவியல்காரர், பாதில நிறுத்தின வேலைதான் முடிச்ச வேலையை விட நல்லா ஞாபகம் இருக்கும்னு சொன்னார். எழுத்து கிளாஸ்ல எல்லாம் இதைத்தான் ஓதுவாங்க. ஆனா பின்னாடி பல பேர் திரும்பச் செஞ்சு பாத்தப்ப ஞாபக சக்தி விஷயம் அவ்ளோ உறுதியா வரல. அதே காலத்துல மரியா ஓவ்சியான்கினான்னு இன்னொருத்தர் கவனிச்சது வேற: பாதில விட்ட வேலையை யாரும் சொல்லாமலே திரும்ப எடுத்து முடிக்கணும்னு மனுஷனுக்கு ஒரு உந்துதல் இருக்கு. இதுதான் நல்லா நிக்குது. நம்ம வேலைக்கு இதுவே போதும், வாசகர் நேத்து எங்க விட்டார்ங்கறதை மறந்தா கூடப் பரவால்ல, புக்கைத் திரும்ப கைல எடுத்தா சரி.

இப்ப என்னோட ஃபேவரிட் சோதனைக்கு வர்றேன், இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், மன்னிச்சிடுங்க. 1974, கனடால வான்கூவர் பக்கத்துல கப்பிலானோன்னு ஒரு தொங்கு பாலம். கிட்டத்தட்ட 137 மீட்டர் நீளம், கீழ 70 மீட்டர் பள்ளம், பாறையும் தண்ணியும், காத்தடிச்சா ஆடும், கைப்பிடிக் கம்பி வேற தாழ்வா இருக்கும். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன்னு ரெண்டு உளவியல்காரங்க என்ன பண்ணாங்கன்னா, அந்தப் பாலத்துல வர்ற ஆம்பளைங்ககிட்ட ஒரு பொண்ணை விட்டுப் பேசச் சொன்னாங்க, ஒரு படத்தைக் காட்டி இதுக்கு ஒரு சின்னக் கதை எழுதித் தாங்கன்னு கேக்கறது, முடிஞ்சதும் பேப்பரைக் கிழிச்சு போன் நம்பர் எழுதிக் குடுத்து "சந்தேகம் இருந்தா கூப்பிடுங்க"ன்னு சொல்றது. அதே பொண்ணு பக்கத்துல இருந்த உறுதியான, ரொம்ப உயரமில்லாத பாலத்துலயும் இதையே பண்ணா. ஆடாத பாலத்துல நம்பர் வாங்கின 16 பேர்ல 2 பேர் கூப்பிட்டாங்க. ஆடுற பாலத்துல 18 பேர்ல 9 பேர். எழுதின கதைங்கள்லயும் ஆடுற பாலத்துக்காரங்க கதைலதான் காதல் காம சமாச்சாரம் தூக்கலா இருந்துச்சாம், பாருங்க, சோதனைக்குள்ளயே ரொமான்ஸ் எழுத வெச்சிருக்காங்க. அவங்க குடுத்த விளக்கம், பயத்துல அடிச்ச நெஞ்சு படபடப்பை அந்த ஆளுங்க "இந்தப் பொண்ணைப் பாத்ததாலதான்"னு தப்பாக் கணக்குப் போட்டுட்டாங்க.

இதைப் படிச்ச உடனே எல்லாருக்கும் வர்ற ஐடியா, ஹீரோ ஹீரோயினை ஆபத்துல மாட்டி விடு, காதல் வந்துடும். அது ஏற்கனவே எல்லாரும் பண்றதுதான், அதுக்கு சயின்ஸே வேண்டாம். இன்னும் கொஞ்சம் குடைஞ்சா நல்ல கேள்வி வேற இடத்துல இருக்கு: பாலத்துல இருந்து இறங்கினதுக்கு அப்புறம் என்ன? படபடப்பு அடங்கின அடுத்த வாரம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, அவங்க ரெண்டு பேரும் ஒரு ரூம்ல சும்மா உக்காந்திருக்காங்க, ஒருத்தருக்கு சந்தேகம் வருது, நமக்கு வந்தது காதலா, பாலமா? அதுவும் அவ ஒரு உளவியல் மாணவியா இருந்து இந்தச் சோதனையைப் படிச்சிருந்தா? வெள்ளத்துல இருந்து தன்னைக் காப்பாத்தினவன் மேல வந்த உணர்ச்சியை அவளே நம்ப மாட்டேங்கறா, அவன்கிட்ட ஆறு மாசம் டைம் கேக்கறா, அந்த ஆறு மாசமும் பரபரப்பா எதுவும் நடக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போடறா. இதை நான் பாதி எழுதி வெச்சிருக்கேன். பரபரப்பே இல்லாத ஆறு மாசத்தை சுவாரசியமா எழுதறது எவ்ளோ கஷ்டம்னு இப்பதான் தெரியுது.

உடம்பு வர்ணனைல சயின்ஸ் நேரடியா உதவும், ஆனா இங்கதான் வழுக்கும். "அவன் மூளைல டோபமைன் பாய்ந்தது"ன்னு எழுதினா வாசகர் கொட்டாவி விடுவார். டோபமைன் மூளைல இருக்கற ஒரு ரசாயனம், யாரும் அதை நேரா உணர்றதில்ல. 2005ல வந்த ஒரு ஆராய்ச்சில, புதுசா தீவிரமா காதல்ல விழுந்த 17 பேரை ஸ்கேனர்ல படுக்க வெச்சு காதலிக்கறவங்க போட்டோவைக் காட்டினாங்க, மூளைல ஏதாவது ஒண்ணை அடைஞ்சே தீரணும்னு துரத்துற பகுதி வேலை செஞ்சுது. அதனால காதல் ஒரு உணர்ச்சிங்கறதை விட தாகம் மாதிரி ஒரு உந்துதல்னு அந்தக் குழு சொல்லுது. அதே குழு 2010ல, காதலிச்சவங்க விட்டுட்டுப் போயும் மறக்க முடியாம இருந்த 15 பேரைப் படுக்க வெச்சாங்க. போனவங்க போட்டோவைப் பாத்ததும் அதே பகுதி எரிஞ்சுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு பிரிவு சீன் எழுதினீங்கன்னா "அழுதாள், கதறினாள்" எல்லாம் கம்மியாயிடும், அதுக்குப் பதிலா அவ தாகம் எடுத்தவ மாதிரி நடந்துக்குவா, அவன் ஆன்லைன்ல இருக்கானான்னு பாப்பா, வெச்சிடுவா, திரும்ப எடுப்பா, தண்ணி இல்லைன்னு தெரிஞ்ச பானையைத் திரும்பத் திரும்ப எட்டிப் பாக்கற மாதிரி.

இதயம் நொறுங்கிச்சுன்னு சொல்றோமே, அதுக்கு நிஜமாவே ஒரு நோய் இருக்கு. டகோட்சுபோன்னு பேரு, 1990ல ஜப்பான் டாக்டருங்க விவரிச்சாங்க. பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் இதயத்தோட இடது கீழறை பலூன் மாதிரி உப்பிடும், பாக்க ஜப்பான்ல ஆக்டோபஸ் புடிக்கற பானை மாதிரி இருக்கும், அந்தப் பானையோட பேரைத்தான் வெச்சிருக்காங்க. ஹார்ட் அட்டாக் மாதிரியே நெஞ்சு வலி, ஆனா ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருது, நிறைய பேர் சில வாரத்துல தேறிடறாங்க. நம்ம கதைங்கள்ல இதயம் நொறுங்கறவ எப்பவும் இருபத்தி மூணு வயசுதானே, நிஜத்துல இது அறுபது வயசுக்காரியோட கதை. இன்னொரு விஷயம், 2016ல வந்த ஒரு பெரிய பதிவேட்டு ஆய்வுல, உணர்ச்சி அதிர்ச்சியால இது வந்த 485 பேர்ல 20 பேருக்கு சந்தோஷ அதிர்ச்சியால வந்திருக்கு. சந்தோஷத்துல! அறுபது வயசு அம்மா, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சவர் திடீர்னு வாசல்ல நிக்கறார், இந்தம்மா ஐசியுல. அவர் நான் வந்ததாலதான் இப்படின்னு ஓடப் பாக்கறார். எனக்கு டைம் இல்ல, யாராவது எழுதுங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. ஆக்ஸிடோசினை "காதல் ஹார்மோன்"னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. அந்தப் பேரு வர்றதுக்கு முக்கியக் காரணம் புல்வெளி வோல்னு எலி மாதிரி ஒரு பிராணி, ஜோடி சேர்ந்தா விட்டுப் பிரியாது, அதுக்கு ஆக்ஸிடோசின்தான் காரணம்னு பல வருஷ ஆராய்ச்சி சொல்லிட்டு இருந்துச்சு. 2023ல மரபணுவைத் திருத்தி ஆக்ஸிடோசின் ஏற்பியே (அந்த ஹார்மோன் வந்து ஒட்டி வேலை செய்யற இடம்) இல்லாத வோல்களை உருவாக்கிப் பாத்தாங்க. அதுங்களும் ஜோடி சேர்ந்துச்சு. விஷயம் நினைச்சதை விட சிக்கல்னு இப்ப எல்லாரும் தலையைச் சொறியறாங்க. எனக்கு முதல் விளக்கத்தை விட இந்தத் தலை சொறியறதுதான் புடிச்சிருக்கு. இத்தனை வருஷம் "இதனாலதான் சேர்ந்திருக்கோம்"னு நம்பினதை எடுத்துட்டுப் பாத்தா அப்பவும் சேர்ந்துதான் இருக்கோம். குழந்தைக்காகத்தான் ஒண்ணா இருக்கோம்னு சொல்லிட்டு இருந்த தம்பதி, குழந்தை வளர்ந்து வெளியூர் போன அன்னைக்கு ராத்திரி. வோல் எலிக்கும் இந்தத் தம்பதிக்கும் என்ன சம்பந்தம்னு வாசகருக்குத் தெரிய வேண்டியதே இல்ல.

பிரிஞ்சு திரும்பச் சேர்ற கதைங்களுக்கு ஞாபகத்தைப் பத்தின ஆராய்ச்சி பொக்கிஷம். 2000த்துல எலிகளை வெச்சுப் பண்ண ஒரு சோதனைல, பழைய பய ஞாபகத்தைத் திரும்ப எழுப்பினா அது கொஞ்ச நேரத்துக்கு இளகிப் போகுது, திரும்ப இறுகறதுக்குள்ள தடுத்தா அந்த ஞாபகம் பலவீனமாயிடுதுன்னு காட்டினாங்க. அதாவது ஞாபகம் அலமாரில வெச்ச போட்டோ மாதிரி கிடையாது, எடுத்துப் பாக்கறப்ப எல்லாம் ஈர மண்ணுப் பொம்மை மாதிரி கை படுது. எலி சோதனையை அப்படியே மனுஷன் மேல தூக்கி வெக்க முடியாதுதான், ஆனா கேள்வி போதும் நமக்கு. பிரிஞ்ச அன்னைக்கு நடந்ததை அவ தினமும் நினைச்சுப் பாத்தா. அவன் பூட்டி வெச்சுட்டான். பத்து வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் உக்காந்து பேசும்போது, "நீதானே போன்னு சொன்ன", "நான் அப்படிச் சொல்லவே இல்ல". ரெண்டு பேருமே பொய் சொல்லல. யாரு சொல்றது சரின்னு கண்டுபிடிக்க சாட்சியும் இல்ல. இந்த மாதிரிக் கதைங்கள்ல வழக்கமா ஒரு கடிதம் கிடைக்கும், உண்மை தெரியும், சேர்ந்துடுவாங்க. கடிதமே கிடைக்காம, எது உண்மைன்னு கடைசி வரைக்கும் தெரியாம சேர முடியுமா? அது கஷ்டமான கதை, அதனாலயே எழுதத் தோணுது.

வானத்தைப் பத்தி எழுதுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தயவு செஞ்சு குவான்டம் பின்னலை, அதாவது தூரமா இருக்கற ரெண்டு துகளோட நிலைமை ஒண்ணுக்கொண்ணு கோத்து இருக்கற விஷயத்தை, விட்டுடுங்க. "நாம எவ்ளோ தூரத்துல இருந்தாலும் நீ நினைக்கறது எனக்குத் தெரியும், ரெண்டு துகள் மாதிரி"ன்னு வசனம் வராத கதையே இல்லைன்னு ஆயிடுச்சு. அந்தப் பின்னலை வெச்சு ஒரு "ஹாய்" கூட அனுப்ப முடியாது, அதுதான் அதோட விதி, அளந்து பாத்த உடனே பின்னலும் போச்சு. அளந்தா போயிடும்ங்கறதுல வேணா ஒரு கதை இருக்கு, யாரும் அதை எழுத மாட்டேங்கறாங்க.

அதை விட புளூட்டோவைப் பாருங்க. புளூட்டோவும் அதோட பெரிய நிலா ஷாரனும் ஒண்ணுக்கொண்ணு ஒரே முகத்தைக் காட்டிக்கிட்டே சுத்துது, ஒரு சுத்துக்கு ஆறரை நாள் மாதிரி ஆகுது. அதனால புளூட்டோவோட ஒரு பக்கத்துல நின்னா ஷாரன் வானத்துல ஒரே இடத்துல நிக்கும், மறையவே மறையாது. மறுபக்கத்துல நின்னா ஜென்மத்துக்கும் ஷாரனைப் பாக்க முடியாது. கண்ணுக்குக் கண் பாத்துக்கிட்டே இருக்கற ஜோடிக்கு ஒருத்தரோட முதுகுப் பக்கம் இன்னொருத்தருக்குத் தெரியவே போறதில்ல. ஷாரனை 1978ல கண்டுபிடிச்ச ஜேம்ஸ் கிறிஸ்டி, மனைவி சார்லீன் பேரை மனசுல வெச்சுதான் அந்தப் பேரையே யோசிச்சார், அவரைச் செல்லமா "ஷார்"னு கூப்பிடுவாங்களாம். அப்புறம் பாத்தா கிரேக்கப் புராணத்துல செத்தவங்களைப் படகுல ஏத்திட்டுப் போற படகோட்டிக்கும் அதே பேரு, புளூட்டோ பாதாள லோகத்துக்காரர்ங்கறதால பொருத்தமா அமைஞ்சு ஓகே ஆயிடுச்சு. பொண்டாட்டி பேர்ல ஒரு நிலாவை வாங்கிக் குடுத்த மனுஷன், அதுவும் புராணத்தைச் சாக்கா வெச்சு. நாம கற்பனைல எழுதினா ஓவரா இருக்குன்னு எடிட்டர் வெட்டிடுவாங்க.

தேடிக் கண்டுபிடிச்சதை எல்லாம் கதைல கொட்டணும்னு கை பரபரக்கும், எனக்கும் பரபரக்கும். நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மளை விட்டுத் தள்ளிப் போகுது, கிட்டத்தட்ட நகம் வளர்ற வேகம். 1969ல அப்போலோ 11ல போனவங்க அங்க வெச்சுட்டு வந்த பிரதிபலிப்பான் மாதிரி கருவிங்கள்ல லேசர் அடிச்சு அந்த தூரத்தை அளக்கறாங்க. இதை வெச்சு நான் எழுதின முதல் டிராஃப்ட்ல ஹீரோ மொட்டை மாடில நின்னு ஹீரோயினுக்கு ரெண்டு பக்கம் லெக்சர் எடுத்தான், படிச்சுப் பாத்த ஃப்ரெண்டு "இவனை எதுக்குக் காதலிக்கறா, பாஸ் மார்க் வேணுமா?"ன்னு கேட்டா. ரெண்டாவது டிராஃப்ட்ல அவன் அந்த லேசர் வேலை பாக்கறவன், கல்யாணம் ஆகி பன்னண்டு வருஷம். மிச்சம் இருந்தது ரெண்டு வரிதான்: அவன் நிலாவை மில்லிமீட்டர் கணக்குல அளப்பான். அவ எப்ப கட்டிலோட அந்த ஓரத்துக்கு நகர்ந்து போனான்னு அவனுக்குத் தெரியல.

விளக்கம் தெரிஞ்சா காதலோட மேஜிக் போயிடாதான்னு கேப்பாங்க. எனக்குப் போகல. பாலத்துச் சோதனையைப் படிச்சதுக்கு அப்புறமும் எனக்குப் படபடக்கத்தான் செஞ்சுது, என்ன, கூடவே இன்னொரு கேள்வியும் சேர்ந்து படபடத்துச்சு.

ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரே ஒரு யோசனை. ஒரு நோட்டுல நடுவுல கோடு போடுங்க, இடது பக்கம் உங்களைக் குடைஞ்ச தகவல், வலது பக்கம் இது யாரோட தூக்கத்தைக் கெடுக்கும்ங்கறது. இடது பக்கம் ரொம்பி வலது பக்கம் காலியா இருந்தா கவலைப்படாதீங்க, சிலது வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும். ஆழ்கடல் தூண்டில் மீன்ல சில வகைல ஆண் மீன் இத்துனூண்டு, பெண்ணோட உடம்புல கடிச்சு ஒட்டி அப்படியே அவளோட ரத்த ஓட்டத்தோட ஒண்ணாயிடும். 1922ல முதல்ல பாத்தவர் அது குட்டி மீனாக்கும்னு நினைச்சார், மூணு வருஷம் கழிச்சுதான் புருஷன்னு தெரிஞ்சுது. அது என் நோட்டுல நாலு வருஷமா இருக்கு, வலது பக்கம் இன்னும் காலி.

அதை விடப் பழசா ஒண்ணு இருக்கு. 1977ல வாயேஜர் விண்கலத்துல அனுப்பறதுக்கு ஒரு தங்க ரெக்கார்டு தயாரிச்சாங்க, பூமியோட சத்தம், பாட்டு, வாழ்த்து எல்லாம் வெச்சு. அந்த வேலைல இருந்த ஆன் ட்ரூயனும் வானியலாளர் கார்ல் சேகனும் ஜூன் 1ஆம் தேதி ஒரு போன் காலுக்கு நடுவுல கல்யாணம் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு முன்னாடி அவங்க காதலர்களே கிடையாது, கூட வேலை பாத்தவங்க. ரெண்டு நாள் கழிச்சு, ஏற்கனவே போட்டு வெச்சிருந்த பிளான்படி ட்ரூயன் போய்ப் படுத்து ஒரு மணி நேரம் மூளை அலையையும் இதயத் துடிப்பையும் பதிவு பண்ணாங்க, பூமியோட வரலாறு, மனுஷனோட நிலைமைன்னு எதெதையோ வரிசையா யோசிச்சுக்கிட்டே, கடைசில காதல்ல விழுந்தா எப்படி இருக்கும்ங்கறதையும். அதைச் சுருக்கி ஒலியா மாத்தி ரெக்கார்டுல ஏத்திட்டாங்க. 2012ல வாயேஜர் 1 சூரியனோட எல்லையைத் தாண்டி நட்சத்திரங்களுக்கு நடுவுல போயிடுச்சு, அந்த ரெண்டு நாள் வயசுக் காதலும் அதோட போயிட்டு இருக்கு.

இதை வெச்சு நாலு தடவை கதை எழுதப் பாத்தேன், நாலும் குப்பைக்குப் போச்சு. நிஜமே முழுசா இருக்கு, நான் நுழையறதுக்கு இடைவெளியே இல்ல. போன மாசம்தான் ஒண்ணு தோணுச்சு. ட்ரூயன் கண்ணை மூடிப் படுத்திருக்காங்க, பக்கத்துல மெஷினைப் பாத்துக்க யாரோ ஒருத்தர் இருந்திருப்பாங்கல்ல, ஊசி மேலயும் கீழயும் போறதைப் பாத்துக்கிட்டு, எந்தக் கோடு பூமியோட வரலாறு, எந்தக் கோடு காதல்னு தெரியாம. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவங்களுக்காக அங்க யாராவது காத்திருந்தாங்களா? நோட்டுல வலது பக்கம் இதை எழுதினேன். இப்ப மூணாவது அத்தியாயம் போயிட்டு இருக்கு.